அண்டப் புளுகு அல்ல! (கேள்வி–பதில்)

கல்லூரி மாணவர், வெள்ளானூர்: இருண்ட ஆற்றல் என்றால் என்ன?

எனக்கும் தெரியாது, நோபல் வாங்கியவர்களுக்கும் தெரியாது. பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-ல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. தள்ளுவது எது என்று கேட்டதும் ஒரு பெயரை வைத்துவிட்டார்கள். மொத்தச் சரக்கில் கிட்டத்தட்ட 70 சதவீதம் அதுதான். 2011-ல் மூவருக்கு நோபலும் ஆயிற்று. ஆசாமி இன்னும் தலைமறைவு!

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆவடி: அதைப் பிடிக்க காலக்ஸியின் வயசு எதற்கு?

ஒளி கிளம்பியபின் பிரபஞ்சம் எவ்வளவு விரிந்தது என்பதைச் சிவப்புப் பெயர்ச்சி சொல்லும். எத்தனை வருஷத்தில் என்று சொல்லாது. கிட்டத்தட்ட ஒரே பெயர்ச்சியுள்ள இரண்டு கிழட்டு காலக்ஸிகளின் வயசு வித்தியாசம் தெரிந்தால், அந்த வருஷக் கணக்கு கைக்கு வந்துவிடும். விரிவை வருஷத்தால் வகுத்தால் அன்றைய வேகம். தூரம் அளக்கும் தலைவலி கிடையாது. 2002-ல் ரவுல் ஹிமெனெஸும் ஆப்ரஹாம் லோபும் சொன்ன யோசனை. வெறும் வகுத்தல்தான் சார், உங்கள் மாணவர்களுக்கு வந்திருக்குமே. வராதா?

குடும்பத் தலைவி, பூந்தமல்லி: காலக்ஸிக்கு யார் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது?

புதிய நட்சத்திரம் பிறப்பது நின்றுவிட்ட காலக்ஸி, பிள்ளை பிறக்காத வீடு மாதிரி. நீல நிறத்துப் பெருநட்சத்திரங்கள் முதலில் போய்ச் சேரும். சிவந்த சிறுசுகள் மிஞ்சும். ஒளியைப் பிரித்தால் 4000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தின் பக்கம் ஓர் இறக்கம். வயசு ஏற ஏற அது ஆழமாகும். ஒரே வில்லங்கம், உலோகம் அதிகமிருந்தால் இளசும் கிழடாகத் தெரியும். நகை போட்டால் வயசு கூடித் தெரியும் ஒரே இடம் அதுதான்!

மெஷின் ஷாப் முதலாளி, அம்பத்தூர்: இதில் இந்தியர்கள் யாராவது?

டெல்லியில் தீபக் ஜெயினும் ஆபா தேவும். தொலைதூரக் கிழங்களின் வயசை உரைகல்லாக வைத்து இருண்ட ஆற்றல் கொள்கைகளை உரசிப் பார்த்து 2006-ல் கட்டுரை எழுதினார்கள். பிரபஞ்சத்தைவிட மூத்த காலக்ஸி எந்தக் கணக்கில் வந்தாலும் அந்தக் கணக்கு காலி.

இந்தத் தகராறு பழசு. 1996-ல் எல்.பி.டி.எஸ். 53டபிள்யூ091 என்ற காலக்ஸிக்குக் குறைந்தது 350 கோடி வயசு என்றார்கள். இருண்ட ஆற்றல் இல்லாத தட்டைப் பிரபஞ்சக் கணக்கிலோ, அதன் ஒளி கிளம்பிய சமயத்தில் பிரபஞ்சத்துக்கே அவ்வளவு வயசில்லை! அம்மாவுக்கு மூத்த மகன். வயசைக் குறைத்துச் சொன்ன நிபுணர்களும் உண்டு. எந்த வீட்டில்தான் இல்லை?

அதே முதலாளி: நம் காவலூர் வானாய்வகத்தில் அதைப் பார்க்கலாமா?

ஜவ்வாது மலையில் 1986 முதல் இருப்பது 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. அந்தக் கிழத்தின் ஒளியைப் பிரிக்க ஹவாயின் 10 மீட்டர் கெக் தேவைப்பட்டது. ஆசை இருக்கு, கண்ணாடி போதாது.

பெயர் வேண்டாம், ஆவடி: சென்னைக்குப் பங்கே இல்லையா?

1998-ல் அந்த இரண்டு குழுக்களும் பார்த்தது வெள்ளைக் குள்ளன்கள் என்ற செத்த நட்சத்திரங்கள் வெடிக்கும் வெளிச்சத்தை. அந்தக் குள்ளன்கள் தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1930-ல் கப்பலேறிய பிரசிடென்சி காலேஜ் பையன் சந்திரசேகர் போட்ட கணக்கு அது. போதுமா?

மனை வாங்கியவர், வெள்ளானூர்: பிரபஞ்சம் விரிந்தால் என் பிளாட்டும் விரியுமா?

விரியாது. பூமியையும் கல்லையும் மண்ணையும் கட்டிப்பிடித்திருக்கும் விசைகள் முன் அந்த விரிவு எடுபடாது. ஆனால் பக்கத்து பிளாட் மட்டும் விரிந்திருந்தால், எனக்கு எழுதாதீர்கள். சர்வேயரைக் கூப்பிடுங்கள்!