லயத்துக்கு வரும் புது ஆள்

கேள்வி: லயத்தில் குடியிருக்கிறோம். அடுத்த வாரம் நாய்க்குட்டி ஒன்று வருகிறது. வீட்டில் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, நல்லதண்ணி

பதில்: முதலில் செருப்புகளை உயரத்தில் வையுங்கள். மறந்தால் குட்டியே நினைவூட்டும், ஒற்றைச் செருப்பை மட்டும் மிச்சம் வைத்து!

எலிமருந்து, களைகொல்லிப் போத்தல், தொங்கும் கரண்ட் வயர் எல்லாம் அதற்கு எட்டக்கூடாது. மெத்தை வேண்டாம், உங்கள் ஊர்க் குளிருக்கு அடுப்படியோரம் மடித்த சாக்கும் அதன்மேல் பழைய கம்பளியும் போதும். பிள்ளைகள் ஆசையாய்ப் பால்மா கரைத்து ஊற்றுவார்கள். வயிற்றால் போனால் துடைக்கப்போவது நீங்கள்தான்.

இரவில் இஸ்தோப்பில் கட்டிவிடாதீர்கள். 2020 மே மாதம் உங்கள் நல்லதண்ணியில்தான், யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை, பாவம். அதன் சொந்தக்காரர்கள் இன்னும் அந்த மலைகளில்தான் இருக்கிறார்கள். நாய் என்றால் அவர்களுக்கு விருந்து. கதவுக்கு உள்ளே படுக்கட்டும். அதற்காக நீங்களும் கம்பி கட்டக் கிளம்பாதீர்கள்.

குட்டிக்குப் பெயர் வைப்பதைப் பிறகு பார்க்கலாம். மிருக வைத்தியரிடம் கேட்டு, விசர்நோய்த் தடுப்பூசியை முதலில் போட்டுவிடுங்கள்.