முதலாளியிடம் கணக்குக் கேட்பவர்

கோவைப் பக்கம் எந்த மில் வாசலில் நின்று "தலைவர்" என்றாலும் ஒருவரைக் கைகாட்டுவார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பை கிழியுமளவுக்குக் காகிதம், இரண்டு பேனா (ஒன்று எழுதாது), அக்குளில் ஒரு ரெக்சின் பை. சங்க அலுவலகம் என்று பெயர்ப்பலகை தொங்குவது வேறு தெருவில். உண்மையில் சங்கம் குடியிருப்பது அந்தப் பையில்தான். ரசீதுப் புத்தகம், லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, மைப்பெட்டி எல்லாம் அதற்குள் அடக்கம்.

பதவி பொதுச்செயலாளர். எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டால் மூத்தவர்களே தலையைச் சொறிவார்கள். அவர் ஓட்டிய ஸ்பின்னிங் மெஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவரை அதட்டிய மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். அவரும் கிராஜுவிட்டி வாங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். பதவிதான் ரிட்டயர் ஆகவில்லை. "வெளியாளுக்கு இங்கே என்ன வேலை?" என்று நிர்வாகம் ஒருமுறை கிளப்பிப் பார்த்தது. தொழிற்சங்கச் சட்டத்தின் 2001 திருத்தத்தை எடுத்து மேஜைமேல் போட்டார்: ஓய்வு பெற்றவரும் ஆட்குறைப்பில் போனவரும் வெளியாள் கணக்கில் வரமாட்டார்கள். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தே வைத்திருக்கிறார். அதே புத்தகத்தில் மூலை மடிக்காத பக்கங்களும் உண்டு.

அவர் திறமையைக் காண தீபாவளிக்கு முந்தின மாசம் வரவேண்டும். போனஸ் பேச்சுவார்த்தை. நிர்வாகம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நஷ்டம்ங்க, 8.33 சதவீதம்தான் முடியும்" என்று பேலன்ஸ் ஷீட்டை நகர்த்தும். தலைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார்.

"தேய்மானம் ஏறியிருக்குதே, புது மெஷின் எங்கீங்க நிக்குது? எங்க ஆளுக யாரும் பாக்கலியே?"

பதில் வராது.

"சரி, விடுங்க. இந்தப் 'பலவகைச் செலவு'ங்கிறது என்னதுங்க? யாருக்குக் குடுத்தீங்க? வவுச்சர் இருக்குதுங்களா?"

பி.காம். படித்த கணக்கதிகாரி தண்ணீர் குடிப்பார். கேட்டவர் படித்தது எட்டாவது. பிறகு கேட் மீட்டிங்கில், தொழிலாளி வியர்வையில் வந்த காசுக்குப் பைசா பாக்கியில்லாமல் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று அவர் முழங்கும்போது எனக்கே சிலிர்த்திருக்கிறது. 8.33-ல் தொடங்கிய பேச்சை அவர் பலமுறை இரண்டு இலக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அதை மறுத்துப் பேசினால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அந்தக் கண்ணாடி மில் கேட்டுக்குள்ளே மட்டும்தான் வேலை செய்யும்.

சங்கப் பொதுக்குழுவைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபம், பத்து மணி என்று போட்டுப் பதினொன்றரைக்குத் தொடக்கம். கொடியேற்றம், மறைந்த தோழர்களுக்கு மௌன அஞ்சலி, அப்புறம் தலைவரின் சிறப்புரை. 1918-ல் பெரம்பூரிலிருந்து புறப்படுவார். சென்னைத் தொழிலாளர் சங்கம், வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க., பின்னி ஆலைக்காரர்கள் வாடியாமேல் போட்ட வழக்கு, அந்தச் சூட்டில் வந்த 1926 தொழிற்சங்கச் சட்டம். பிறகு சின்னியம்பாளையம். 1946 ஜனவரியில் தூக்கிலேறிய நான்கு மில் தொழிலாளர்களைச் சொல்லும்போது குரல் உடையும். அதில் நடிப்பில்லை, உறுதியாகச் சொல்வேன். ஒரே சங்கடம், 1946-லிருந்து நடப்பு ஆண்டுக்கு அவர் வந்து சேரும்போது மணி ஒன்றேமுக்கால். பின்வரிசைக்குப் பிரியாணி வாசனை எட்டியிருக்கும். வரவுசெலவு அறிக்கையை அப்போதுதான் எடுப்பார்கள்.

பொருளாளர் மூச்சுவிடாமல் வாசிப்பார். சந்தா வரவு, அரியர்ஸ் லெவி வரவு, அச்சுக்கூலி, மைக் செட், வக்கீல் பீஸ், பயணப்படி, இதரம். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் இதரத்தைத் தொடாது.

ஒரு வருஷம் ஓ.இ. பிரிவுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"தலைவரே, இந்த இதரம்னா என்னதுங்க?"

தலைவர் கோபப்படவில்லை. சிரித்தார். விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சிரிப்புக்குத்தான் பயப்படுவார்கள்.

"நல்ல கேள்வி கண்ணு. உங்கொப்பனுக்குக் கார்டிங்ல கை மாட்டினப்ப, ராத்திரி ரெண்டு மணிக்கு ஜி.எச்.சுக்கு ஆரு தூக்கிட்டுப் போனது?"

"நீங்கதானுங்க."

"டாக்சிக்காரங்கிட்ட ரசீது வாங்குனனா?"

பையன் உட்கார்ந்துவிட்டான். மண்டபம் கைதட்டியது. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று மினிட் புக்கில் முந்தின நாளே எழுதியிருந்ததால் பந்தி தாமதமாகவில்லை. டாக்சி போனது உண்மை. இருபது வருஷமாகியும் அதன் மீட்டர் நிற்கவில்லை என்பதும் உண்மை.

ஆளைத் திருடர் என்று சொல்லிவிட முடியாது. ஓட்டு வீடு, ஓட்டை டிவிஎஸ் 50. சங்கப் பணம் அவர் வீட்டுக்குப் போவதில்லை, அவர் பெயருக்குப் போகிறது. உறுப்பினர் மகள் கல்யாணத்தில் மொய் நோட்டைப் புரட்டினால் தலைவர் பெயரில் நல்ல தொகை இருக்கும். பெண்ணின் அப்பன் கண்கலங்குவார், தான் கட்டிய சந்தாதான் திரும்பி வந்திருக்கிறது என்று தெரியாமல். தெரிந்தாலும் கேட்கமாட்டார். நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்றால் வந்து நிற்கப்போவது ஆடிட்டரா?

பையன் மட்டும் விடவில்லை. சட்டத்தை எங்கோ வாங்கிப் படித்துவிட்டான். 20-ஆம் பிரிவின்படி உறுப்பினர் எவரும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம், சங்க விதியில் சொன்ன நேரத்தில். விதியில் சொன்ன நேரம் அவனுடைய ஷிப்ட் நேரம். லீவு போட்டுப் போனான். பீரோ சாவி பொருளாளரிடம், பொருளாளர் பழனியில். மறுபடி லீவு போட்டுப் போனான். பீரோ திறந்தது, புத்தகம் ஆடிட்டரிடம். ஆடிட்டர் தலைவருக்குச் சம்பந்தி முறை.

கடைசியில் டீக்கடையில் மடக்கினான்.

"டிசம்பர் 31 வரைக்கும் உள்ள கணக்க வருசா வருசம் பதிவாளருக்கு அனுப்போணும்ங்க. அனுப்பாட்டி அபராதம்னு போட்டிருக்குது."

தலைவர் பையைத் திறந்து, மூலை மடிக்காத பக்கம் ஒன்றை நிதானமாகத் தேடி எடுத்தார். அன்றைக்கு அமலில் இருந்தது அந்த 1926 சட்டம்தான். அபராதம் முதலில் 5 ரூபாய் வரை, அப்புறம் வாரத்துக்கு 5 ரூபாய் வரை, எத்தனை காலம் இழுத்தாலும் மொத்தம் 50 ரூபாயைத் தாண்டக் கூடாது.

"அம்பது ரூவாதானே கண்ணு, கட்டிப் போடலாம்" என்றார். பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த பொருளாளர் பக்கம் திரும்பினார்.

"இதரத்துல எழுதிக்க."