என் பட்டத்தில் தெரிகிற நெற்றி

செவ்வாய்க்கிழமை காலை வந்த மின்னஞ்சலில் இரண்டே வரி. என் பட்டச் சான்றிதழின் படம் கிடைத்ததாம். அதன் நடுவில் ஒரு மனிதரின் நெற்றியும் ஒரு மின்விளக்கும் தெரிகின்றனவாம், தயவுசெய்து மீண்டும் அனுப்ப வேண்டுமாம்.

நெற்றி என்னுடையது. விளக்கு எங்கள் விறாந்தையில் தொங்குகிற ரியூப் லைற். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட எழுத்துகளில், நான் எந்த வகுப்பில் சித்தியடைந்தேன் என்பதும் அடக்கம். இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு. அது மறைந்துபோனதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதிதான். ஆனால் அவர்களுக்கு அது கட்டாயம் தேவையாம்.

நாற்பத்திரண்டு வயதில், சூழலும் இயற்கை வளங்களும் என்ற துறையில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். எரிமலையும் பனியும் உள்ள ஒரு நாடு என்பதோடு விட்டுவிடுவோம். நம்முடைய தகைமைச் சட்டகத்தில் மொத்தம் 12 படி. சாதாரண தரம் முதற்படி, கலாநிதி பன்னிரண்டாம் படி. நான் முதுமாணி முடித்து ஒன்பதாம் படியில் பதினொரு வருடமாகக் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் இரண்டுபேர் என்னைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். போகிறபோது "சேர், நீங்கள் வரேல்லையா?" என்று வேறு கேட்டார்கள்.

நான் எதை ஆராயப் போகிறேன் என்பது உண்மையிலேயே சுவாரசியமான விஷயம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் இந்த நெற்றி விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. இந்தத் துறை எனக்குப் புதிதல்ல. எங்கள் சாம்பல்தீவு எந்தப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது? திருகோணமலை பட்டினமும் சூழலும். வெள்ளைக்காரர் 'கிறவெற்ஸ்' என்று எழுதி வைத்ததை யாரோ ஒரு புண்ணியவான் 'சூழல்' என்று தமிழாக்கியிருக்கிறார். கந்தளாய்க்காரருக்கும் மூதூர்க்காரருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. நாங்கள் பதிவுப்படியே சூழல்காரர். இதை நோக்கக் கூற்றில் பெருமையாக எழுதினேன். ஆங்கிலத்தில் போட்டதும் அருமை முழுக்கக் கொட்டுண்டு போயிற்று.

முகவரியை மொழிபெயர்த்தது அதைவிடப் பெரிய பிழை. 'சாம்பலின் தீவு' என்று விளக்கமாக எழுதியதைக் கண்டு, என்னை மேற்பார்வை செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பேராசிரியர் உடனே பதில் போட்டார்: கடைசியாக எப்போது வெடித்தது? எரிமலை இல்லை ஐயா, தீவும் இல்லை, நிலாவெளி றோட்டில் பஸ்ஸால் இறங்கினால் ஊர்தான் என்று எழுதினேன். அடுத்த கடிதம் வர ஐந்து கிழமை எடுத்தது.

சரி, நெற்றி. அது எப்படி வந்தது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து, அந்தப் பைலை எடுத்து, ஏதாவது ஒரு சான்றிதழை வெளிச்சத்தில் பிடியுங்கள். உங்கள் நெற்றியும் தெரியும்.

எங்கள் வீட்டில் லமினேற் பண்ணாமல் மிஞ்சியவை இரண்டு: பத்திரிகை, அப்பளம். மற்றதெல்லாம் உள்ளே. பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, இரண்டு பட்டம், முதல் நியமனக் கடிதம், தங்கச்சியின் கலியாணப் பதிவு, கனடாவிலிருந்து மாமா ஒரேயொரு முறை எழுதிய கடிதம், எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் பங்குபற்றியதற்கான சான்றிதழ் (வென்றதற்கல்ல, பங்குபற்றியதற்கு). அப்பாவின் சாதகக் குறிப்பு. அதில் அவருக்கு 84 வயது ஆயுள். அடுத்த தாளில் அவருடைய மரணச் சான்றிதழ். அதில் 61. இரண்டும் ஒரே பளபளப்பு.

பழி முழுவதையும் நாங்கள் ஏற்க முடியாது. தொடக்கி வைத்தது அரசாங்கம். 1972இலிருந்து தந்த அடையாள அட்டை வேறென்ன? ஒரு துண்டுக் கடதாசி, ஒரு கறுப்பு வெள்ளைப் படம், மேலும் கீழும் பிளாஸ்ரிக். அதை நீட்டினால் சோதனைச் சாவடியில் தடி உயர்ந்தது. நீட்ட இல்லாதவருக்கு என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்தில் எவருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படி வளர்ந்தவர்களுக்கு, மூடாத கடதாசியைக் கண்டால் உடுப்பில்லாத பிள்ளையைக் கண்டதுபோல ஒரு பதற்றம்.

அம்மாவுக்கு இதில் அனுபவம் கூட. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஓடினபோது அவர் தூக்கியது நகைப் பெட்டியையல்ல, கடதாசிகள் இருந்த சொப்பிங் பையை. வழியில் மழை. தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழில் மை கரைந்து, பெண் என்பது மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு அம்மா கடதாசியை நம்பவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்து அலுமாரியோடு அந்தப் பையையும் கொண்டுபோனது. மூன்றாம் நாள் களப்புப் பக்கம் ஒரு தாழம் பற்றைக்குள் கிடந்து எடுத்தோம். பிளாஸ்ரிக்குக்குள் இருந்தவை அத்தனையும் சேறு துடைத்ததும் சிரித்தன. வெளியே இருந்த காணி உறுதி கூழ்.

இனி யார் அவருடன் வாதாடுவது? நெற்றி தெரிகிறதாம் என்று சொன்னேன். "கடலே திருப்பித் தந்த சாமான். நெத்தி தெரியுது எண்டு உங்கட ஆக்கள் வேண்டாம் எண்டினமோ?"

நாங்கள் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்படவும் தேவையில்லை. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில், வில்லியம் பாரோ என்று ஒருவர் 1930களில் பழைய ஆவணங்களைச் செலுலோஸ் அசெற்றேற் தாள்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தத் தொடங்கினார். பெரிய பெரிய காப்பகங்களெல்லாம் தங்கள் பொக்கிஷங்களை அந்த முறைக்குக் கொடுத்தன. சில பத்தாண்டு கழித்து அந்தத் தாள் வினாகிரி மணத்தோடு பழுதாகத் தொடங்கியது. ஒட்டினதை ஒவ்வொன்றாகக் கரைத்துக் கழற்றுகிற வேலை பின்னால் வந்தவர் தலையில். பாரோவின் நேர் வாரிசு எங்கள் சந்தியில் கொமினிகேஷன் வைத்திருக்கிற தம்பி. போட்டோக்கொப்பி எடுக்கப் போனால், கொப்பி வெளியே வர முன்னமே "அண்ணை, லமினேற் பண்ணட்டோ?" என்பான். ஒருமுறை மின்சாரக் கட்டண ரசீதுக்குக் கேட்டான். ஒரு கணம் நானும் யோசித்தேன், அதுதான் கேவலம்.

சட்டமும் அவன் பக்கம். 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனை 2017 செப்டெம்பரில் தடுத்தார்கள். லஞ்ச் சீற்றும் அதோடு போனது. தம்பி பாவிக்கிற உறை 125 மைக்ரோன். சோறு சுற்றினால் குற்றம், சான்றிதழ் சுற்றினால் கல்வி. வெளியே பொலியெஸ்ரர், உள்ளே சூட்டுக்கு உருகி ஒட்டுகிற வேறொரு பிளாஸ்ரிக், நடுவில் கடதாசி. இப்படி மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் மீள்சுழற்சிக்காரர் எவரும் தொடமாட்டார். சூழலைக் காக்கப் புறப்பட்டவனின் மொத்தப் படிப்பும் உக்காத குப்பையாக அலுமாரியில் இருக்கிறது. விண்ணப்பத்தில் 'சூழல் மீதான உங்கள் தனிப்பட்ட தாக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. வெறுமையாக விட்டிருக்கிறேன்.

மறுபடி படம் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். போதாதாம். மூலச் சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை வேண்டும். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வரிசையில் நின்று, ஜன்னலில் நீட்டினேன். உள்ளே இருந்தவர் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது. பேசாமல் திருப்பி நீட்டினார். அடுத்த இரவு பஸ்.

உரிப்பதற்கு யூரியூப்பில் இரண்டு மார்க்கம் சொல்கிறார்கள், நெருப்பு, பனி. இரு தரப்பும் ஒருவரையொருவர் மூடர் என்கிறார்கள். நெருப்பை முதலில் பேச்சுப் போட்டிச் சான்றிதழில் பரீட்சித்தேன். ஸ்திரிக்கைப் பெட்டி பட்டதும் அது சுருண்டு, வத்தலாகிவிட்டது. ஆகவே பனி. பட்டத்தைப் பைக்குள் சுற்றி, உறைபெட்டியில் பாரைத் துண்டுகளுக்கும் கணவாய்க்கும் நடுவில் படுக்கவைத்தேன்.

"இஞ்சருங்கோ, மீனுக்குள்ள உது என்ன?"

"பட்டம்."

"சமைக்கிறதோ, வைக்கிறதோ?"

காலையில் ஒரு மூலை கிளம்பியது. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். அழகாக வந்தது, துணைவேந்தரின் கையெழுத்தோடு. கையெழுத்து இப்போது பிளாஸ்ரிக்கில், பெயர் கடதாசியில். வேறு பிரதி கேட்கலாமாம், ஆனால் மூலம் தொலைந்ததாகப் பொலிஸ் முறைப்பாடு வேண்டும். தொலையவில்லையே, உரிந்ததல்லவா என்றேன். உரிந்ததற்குப் படிவம் இல்லை.

சரி, ஆய்வுக்கு வருகிறேன். நோக்கக் கூற்று 1000 சொல். எல்லோரும் தொடங்குவது ஒரே மாதிரி: சிறு வயதிலிருந்தே எனக்கு இயற்கையில் ஈடுபாடு. எனக்கு அப்படி எந்த ஈடுபாடும் இருக்கவில்லை. கடலுக்கும் விடமாட்டார்கள், காட்டுக்கும் விடமாட்டார்கள், ஈடுபாடு எங்கே வைத்து வளர்ப்பது? புறாமலையை 1963இல் சரணாலயமாக்கினார்கள், 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். இடையில் என் இளமை முழுவதும் அதை நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தேன். இப்போது ரிக்கற் எடுத்த எவரும் போய் நீந்தலாம், சிலர் முருகைக்கல் மேல் ஏறி நின்று படமும் எடுக்கிறார்கள். ஆய்வு என்ற சொல்லை வாயில் எடுத்தால்தான் அனுமதிக் கடிதம். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்று பத்து வருடம் பேசினார்கள், 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்தில் இனி இல்லை என்றார்கள். அந்தப் பத்து வருடத்தில் கேள்விக்கொத்தோடு வந்து இறங்கிய ஆட்கள் எத்தனை! அக்காமார் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பதில் சொன்னார்கள். எழுதினவரின் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' வந்தது. சொன்னவருக்கு ஒரு பிரதிகூட வரவில்லை. வந்திருந்தால் லமினேற் பண்ணி வைத்திருப்பார்கள்.

நான் செய்யப்போவது அப்படியல்ல. எங்கள் களப்பை எடுத்துக்கொண்டால், அதில் ஒவ்வொரு மாரியிலும்...

மணி பதினொன்று ஆகிவிட்டது. விண்ணப்பம் மூடுவது அவர்களுடைய நள்ளிரவில், நமக்கு விடியற்காலை ஐந்தரை. மேசையில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் பட்டத்தை வைத்து, பட்டத்தின்மேல் கையெழுத்துள்ள பிளாஸ்ரிக்கை அதன் பழைய இடத்தில் பொருத்தியிருக்கிறேன். ரியூப் லைற்றை அணைத்தாயிற்று. அம்மா ரோர்ச் பிடிக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ அம்மா."

"காத்துக்குப் பறக்குது, பொறு, அமத்திப் பிடிக்கிறன்."

எடுத்து அனுப்பிவிட்டேன். நெற்றி இல்லை. விளக்கும் இல்லை. இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு என்பது பளிச்சென்று தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் விரல் இரண்டு.