30 ஆம்பியர் குடித்தனம்

"சுத்த வேண்டிய ஊரெல்லாம் சுத்தியாச்சு. இனிமே வீட்டுல ரெண்டு பேருக்கும் பொழுது எப்படிப் போகும்?" என்று எங்களைக் கேட்கிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு உண்டு. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பியர்லேண்டில் எங்கள் வீடு. எண்ணெய்க் குழாய் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருந்தவர் என் கணவர். ரிட்டையர் ஆனதும் செய்த முதல் காரியம், ஓர் ஆர்.வி. வாங்கியது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற 28 அடி நீள வண்டி. பெட்ரோல் காலனுக்கு எட்டு மைல், இறக்கத்தில் ஒன்பது. அதில்தான் பிக் பெண்ட், கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் எல்லாம் போனோம். 62 வயதானால் தேசியப் பூங்காக்களுக்கெல்லாம் 80 டாலரில் ஆயுள் பாஸ் தருகிறார்கள். 2017 ஆகஸ்ட் வரைக்கும் அது 10 டாலராக இருந்ததாம். அப்போது எங்களுக்கு 62 ஆகவில்லை. இருந்தாலும் 70 டாலர் தன் பையிலிருந்து போய்விட்டதாகத்தான் இவர் கணக்கு. ஆர்.வி.கள் ஏராளமாகத் தயாராகிற இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட்டில் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கூட்டிக்கொண்டு போனார். மாதக்கணக்காக வண்டிக்குள்ளேயே இருந்தவளை, வண்டி பார்க்க.

அந்த நாட்களில் எங்களுக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. மலை, காற்று, நட்சத்திரம் என்று இவர் காரணம் சொல்லுவார். எனக்குத் தெரிந்து காரணம் கரண்ட்.

கேம்ப்கிரவுண்டில் கம்பத்துப் பெட்டியில் வண்டியின் வயரைச் சொருகினால் கிடைப்பது 30 ஆம்பியர். 120 வோல்ட்டால் பெருக்கினால் 3,600 வாட். கூரையில் இருக்கும் ஏசி ஒன்றே 1,500 வாட் தின்னும். மைக்ரோவேவுக்கு ஏறக்குறைய அதே அளவு. கூடவே கெட்டிலையும் தட்டிவிட்டால் 'டக்' என்று மொத்தமும் அணைந்துபோகும். இவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிரேக்கரைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் தவழுவார். ஆகவே எதைப் போடுவதென்றாலும் அறிவித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

"மிக்ஸி போடப் போறேன்!"

"இரு, இரு... ஏசிய நிறுத்திட்டேன். இப்ப போடு!"

சட்னி அரைந்து முடிகிறவரை அரிசோனா வெயிலில் இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு நிற்போம். அப்புறம் ஏசி. உள்ளே கொஞ்சம் குளிர்ந்த பிறகு அதை நிறுத்திவிட்டுக் காபி. ஒரு நேரத்தில் ஒரு வேலை. காபி குடித்து முடித்தால் வேறு வேலை இருக்காது. மடக்கு நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்துவிடுவோம்.

வீட்டில் 200 ஆம்பியர். "அதுவும் 240 வோல்ட்டுல" என்று இவர் திருத்துவார். வாஷிங் மெஷின், டிரையர், டிஷ்வாஷர், கிரைண்டர், மாடிக்கொன்று கீழேயொன்று ஏசி, எல்லாம் ஒன்றாக ஓடினாலும் ஒன்றும் அணையாது. எல்லாம் ஒன்றாக ஓடினால் எல்லாம் ஒன்றாக முடியும். டிரையர் ஒரு பாட்டுப் பாடும். டிஷ்வாஷர் மூன்று தடவை கீச்சிடும். அரிசி அரைந்துவிட்டதா என்று பார்க்கப் போனால், எங்கேயோ கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி பேட்டரி தீர்ந்து 'க்விக்' என்னும். நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கத்தும். எந்த அறை என்று தெரியாது. ஓர் அறையில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் அடுத்த அறையில் கேட்கும். ஏணியைத் தூக்கிக்கொண்டு இவரும், பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஒரு முற்பகல் முழுக்கப் படுக்கையறை படுக்கையறையாக அலைந்திருக்கிறோம். நான்கு படுக்கையறை வீடு எதற்கு வாங்கினோம் என்று அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டோம்.

அறைகள் அதிகம் இருந்தால் சண்டையும் நீளும். வண்டிக்குள் கோபித்துக்கொண்டு எங்கே போவது? முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் மூன்றடி தள்ளி அதே ஆள்தான். பத்து நிமிஷத்தில் உப்பு எங்கே என்று கேட்டாக வேண்டும். இப்போது இவர் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் சாயங்காலம் வரை தாங்கும். சமாதானமும் செல்போனில்தான் நடக்கிறது. "கீழதான் இருக்கியா? காபி ஆச்சா?" இது ஒரே வீட்டுக்குள் பேசுகிற பேச்சு.

திரும்பி வந்தபோது மகள் எங்கள் தபாலை எல்லாம் அட்டைப் பெட்டிகளில் சேர்த்து வைத்திருந்தாள். பில் என்று பார்த்தால் கொஞ்சம்தான். மீதியெல்லாம் எங்கள் வயதைத் தெரிந்துகொண்டவர்கள் எழுதியது. காது கேட்கும் கருவி, மாடிப்படியில் ஏற்றிவிடும் நாற்காலி, மெடிகேர் திட்டங்கள். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மெடிகேர் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அந்த நாட்களில் போனை எடுக்கவே கை நடுங்கும். ஒரு கடிதத்தில் பொன்னிற ஓரம் போட்டு, தம்பதியாக விருந்துக்கு வரும்படி அழைப்பு. என்ன விசேஷம் என்று படித்தால், முன்பணம் கட்டித் தகனத்துக்கு ஏற்பாடு செய்துகொள்வது பற்றி ஓட்டலில் கூட்டமாம். இரவுச் சாப்பாடு இலவசம்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "சைவம் இருக்குமா?"

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் சட்டப்படி, சாமான் ஏற்றி இறக்குகிற நேரத்துக்கு மட்டும் நிறுத்தலாம். வேலி போட்ட ஒரு திறந்தவெளியில், ஊரில் உள்ள மற்ற ஆர்.வி.களோடும் படகுகளோடும் எங்களுடையதும் மாத வாடகைக்கு நிற்கிறது. வீட்டுக்கு வரி, வீடாக இருந்த வண்டிக்கு வாடகை. இந்த நாட்டில் ஓட்டாண்டி ஆவதற்கும் வசதி வேண்டும்.

ஊர் சுற்றி வந்தவர்கள் என்று பெயரெடுத்துவிட்டால் எல்லாரும் கூப்பிட்டுக் கதை கேட்பார்கள் என்று நினைத்தோம். கேட்கத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒரே கதையை. கிராண்ட் கேன்யனைப் பற்றி இவர் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அது சரி சார்... பாத்ரூம்லாம் எப்படி?" என்பார். இவருக்கும் அதற்கு மேல் வேறு என்ன வேண்டும்? ஆதியோடந்தமாகத் தொடங்கிவிடுவார். வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டி. கக்கூஸ் தண்ணீர் கறுப்புத் தொட்டிக்கு, குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சாம்பல் தொட்டிக்கு. கையுறை மாட்டிக்கொண்டு மூன்றங்குலக் குழாயைப் பொருத்தி, முதலில் கறுப்பைத் திறந்துவிட வேண்டும், அதற்கப்புறம்தான் சாம்பல். அப்போதுதான் பின்னால் வருகிற சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டு போகும். வரிசையை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதை இவர் கை அசைத்து விளக்குவதற்குள் பந்தியில் எதிர் வரிசை காலியாகிவிடும்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் பெரிய அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்காடி மாப்ளய எம்.டெக். வரைக்கும் படிக்க வச்சாங்க?" என்றாள்.

கொலராடோவில் மலை ஏறி ஏறி 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹவர் சுரங்கத்தை நெருங்கும்போது, தோசை மாவு டப்பாவின் மூடி தானாகத் தெறித்து, உருண்டு போய் இவர் பிரேக் மிதிக்கும் காலுக்கடியில் நின்ற கதை என்னிடம் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. புளித்த மாவுக்கு அது போதும். நல்ல கதை. இதுவரை யாரும் கேட்கவில்லை.

வார அட்டவணை இப்போது ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது. "நீங்க ரிட்டையர்டுதானே?" என்ற ஒரு கேள்வியில் அதில் பாதி நிரம்பியது. கோயிலில் காய் நறுக்க ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் நிலை எனக்கு. கதவைப் பூட்டித் திறக்கிற பொறுப்பு இவருக்கு. பல், கண், முழங்கால் என்று ஊர் சுற்றிய காலத்தில் தள்ளிப்போட்ட டாக்டர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் நாள் கொடுத்தார்கள். கறிவேப்பிலைக்கு ஆள் வருவதும் ஒரு வேலையாகிவிட்டது. செடி எலுமிச்சைக் குடும்பமாம். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைச் சுமக்கிற பூச்சி இதில் தங்குமாம். கலிஃபோர்னியா எல்லைச் சாவடியில் செடி, பழம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வண்டியில் நான் ஒரு கொத்துக்கு ஏங்கிக் கிடந்தேன். இங்கே கொல்லையில் ஆளுயரம் நிற்கிறது. கேட்டு வருகிறவர்கள் இலையோடு போய்விட்டால் பரவாயில்லை. காபியும் குடித்துவிட்டு, பாத்ரூம் எப்படி என்றும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

எல்லாவற்றிலும் கடினம் பேரனையும் பேத்தியையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது. கண்ணாடியில் நம்பர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு காரிலேயே வரிசையில் ஊர்ந்து போக வேண்டும். கார் லைன் என்பார்கள். மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு டீச்சர் வாக்கி டாக்கியில் நம்பரைச் சொல்லுவார். உள்ளேயிருந்து அந்தக் குழந்தையை அனுப்புவார்கள். ராக்கி மலை வளைவுகளில் 28 அடி வண்டியை ஓட்டிய இவரை, முதல் நாளே அந்த டீச்சர் தடம் மாறிவிட்டதாகச் சொல்லிச் சுற்றி வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் மணி அடிக்க முக்கால் மணி நேரம் முன்னதாகப் போனார். எட்டாவது இடம். முன்னால் நின்ற ஏழு கார்களிலும் தாத்தாக்கள். அதற்கடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னதாக. ஐந்தாவது. முதல் இடத்தில் நிற்பவர் ஒரு குஜராத்திப் பெரியவர். சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிடுகிறாராம். அவரை எப்படி முந்துவது என்பதில் இவருடைய மூளையில் கணிசமான பகுதி இப்போது செலவாகிறது.

இதற்கு நடுவில் மாதம் ஒரு நாள் மட்டும் இவர் காலையிலேயே குளித்து, பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு, செய்தித்தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்புவார். கேட்டால், "ஜெனரேட்டர ஓட்டணும்." நிற்கிற வண்டியின் ஜெனரேட்டரை மாதம் ஒரு தடவை, பாதி லோடாவது கொடுத்து, இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் பசையாக அடைத்துக்கொள்ளும். அது உண்மைதான், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. இரண்டு மணி நேர வேலைக்கு இவர் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டதால் ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

வண்டியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. லோடு கொடுக்க வேண்டுமே! திரை இழுத்துவிட்டிருந்தது. கட்டிலில் தலையணை, பக்கத்தில் குறுக்கெழுத்துப் புதிர். அக்கம்பக்கத்து வண்டிகளிலும் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ரிட்டையர்டு ஆள். அவரவர் வீட்டிலும் 200 ஆம்பியர் இருக்கும் போல.

நான் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபக்கத் தலையணையை எடுத்துக்கொண்டேன். மூன்று மணிக்குப் போன் அடித்து எழுப்பியவள் மகள். "ஸ்கூல்ல பசங்கள எடுத்தாச்சாம்மா?"

அன்றிரவே இவர் கம்ப்யூட்டரைத் திறந்து மகளுக்கு ஒரு மின்னஞ்சல் அடித்தார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், எழுத எழுத ஆபீஸ் பழக்கம் வந்துவிட்டது. பொருள்: விடுப்பு கோருதல். காரணம்: ஓய்வு. மார்ச் மாதம் நியூ மெக்ஸிகோ பக்கம் போய்வர அனுமதிக்குமாறு கேட்டு, இல்லாத நாட்களில் கார் லைனுக்கு யார், கோயிலுக்கு யார், கொல்லைக்குத் தண்ணீர் யார் என்று மாற்று ஏற்பாட்டு அட்டவணை ஒன்றையும் இணைத்திருந்தார்.

பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. மார்ச்சில் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆபீஸில் வேலை நெருக்குமாம், ஏப்ரலில் பேத்தியின் நடன நிகழ்ச்சியாம், மே கடைசி வரை பள்ளிக்கூடமாம். "ஜூன்ல தாராளமா எடுத்துக்கோங்கப்பா. பசங்களுக்கும் அப்ப லீவுதான், ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

"முப்பது வருஷ சர்வீஸ்ல எந்த மேனேஜரும் எனக்கு லீவு குடுத்து, கூடவே வேலையையும் குடுத்து அனுப்பினதில்ல" என்றார் இவர். சொல்லிவிட்டு, டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கட்டிலுக்குத் தடுப்பு வலை என்ன விலை என்று தேட ஆரம்பித்தார்.