வீடு இங்க, ஓட்டு எங்க?

குடியிருப்போர் நலச்சங்கம் ஆரம்பிச்சிருக்கீங்களாமே, சந்தோசம் கண்ணு. தலைவர், செயலாளர், பொருளாளர், ரெண்டு துணைத் தலைவர், கௌரவ ஆலோசகர்னு ஒருத்தர். எங்க ஊருத் தேர் இழுக்கக்கூட இத்தினி பதவி கெடையாது. 1975-ம் வருசத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு பண்ணி, ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு, லெட்டர்பேடும் அடிச்சாச்சு. இனிமே ஒரகடம் கூட்ரோட்டுல நிக்கிற கண்டெய்னர் லாரியெல்லாம் அந்த லெட்டர்பேட்டப் பாத்ததும் தானா ரிவர்ஸ் எடுத்துடும்.

நான் பழைய ஊர்க்காரன். எங்க மல்லாட்டைக் கொல்லை இருந்த எடத்துலதான் இப்ப காரு ஏத்துற டிரெய்லருங்க வரிசைகட்டி நிக்குது. நெலத்துக்கு வந்த பணத்துல பொண்ணுங்களுக்குக் கல்யாணம் முடிச்சேன், மிச்சத்துக்கு ஒரு மொபெட்டு வாங்கினேன். இப்ப உழவு இல்ல. அதனால உங்கள மாதிரி படிச்சவங்களுக்குப் புத்தி சொல்லிக்கினு திரியறேன். கூலி கெடையாது, டீ மட்டும்தான்.

உங்க சங்கக் கூட்டத்துல என்னென்ன பேசுறீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. குப்பைத்தொட்டி யாரு வாசல்ல இருக்கணும், மூணாவது தெரு நாய என்ன பண்ணணும், கோலப் போட்டிக்கு யாரு நடுவர். வாட்ச்மேன் சம்பளத்த மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சிட்டீங்களாம். அமெரிக்காவுல இந்த மாதிரி வீட்டுக்காரங்க சங்கம், வாசல்ல புல்லு ஒசந்தா அபராதம் போடுமாம், பேரன் சொன்னான். நீங்களும் அந்த எடத்துக்கு வந்துட்டீங்க. காம்பவுண்டுக்கு உள்ள உங்கள அடிச்சிக்க ஆளில்ல. நான் கேக்குறது காம்பவுண்டுக்கு அந்தாண்ட.

அந்தாண்ட வயல்ல பெரிய குடோன் வரப்போவுதுன்னு சேதி வந்ததும், குரூப்புல ஆளாளுக்குக் கோவக்கார மூஞ்சி பொம்மை போட்டீங்களாமே. ரொம்ப வீரம். அந்தப் பொம்மைய எந்த ஆபீஸ்ல தபால் முத்திரை குத்தி வாங்கிப்பாங்கன்னு எனக்குச் சொல்லுங்க.

நெலத்துக்கு வண்ணம் உண்டு தம்பி. மஞ்சள்னா வீடு, பச்சைன்னா வெவசாயம், ஊதான்னா தொழிற்சாலை. 1971-ம் வருசத்து நகர் ஊரமைப்புச் சட்டத்துல, முழுமைத் திட்டத்தோட வரைவ வெளியிட்டு, ஜனங்க ஆட்சேபணை சொல்ல ரெண்டு மாசத்துக்குக் கொறையாம டயம் குடுக்கணும்னு இருக்குது. ஒரு தனி சர்வே நம்பரோட வண்ணத்த மாத்துறதுன்னாலும் பேப்பர்ல அறிவிப்பு வரும். எங்க வரும்? நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழ, எறும்பு ஊர்ற எழுத்துல. நீங்க அந்தப் பக்கத்துலதான் பஜ்ஜி எண்ணெய ஒத்தி எடுக்கிறீங்க. 1189 சதுர கிலோமீட்டரா இருந்த சென்னைப் பெருநகரத்த 5904-ஆ நீட்டி 2022 அக்டோபர்ல அரசாணை வந்துச்சே, ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் அதுல அடங்குது. அன்னிக்கு உங்க ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கிரவுண்டு வெல எவ்ளோ ஏறும்னு கணக்குப் போட்டாங்க. வண்ணம் என்னன்னு ஒருத்தரும் கேக்கல.

வெல ஏறுறதுல உங்கள மிஞ்ச ஆளில்ல. வாங்குறப்போ மட்டும் பத்திரம் படிக்க மாட்டீங்க. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’னு போர்டு பாத்ததும் அட்வான்ஸ் குடுத்தீங்க. மனைப் பிரிவுக்கு அனுமதி குடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு எங்க இருக்குது? 2016 செப்டம்பர் 9-ம் தேதி, அனுமதியில்லாத மனைங்களப் பதிவு பண்ணக்கூடாதுன்னு ஹைகோர்ட்டு தடை போட்டப்போதான் பாதி பேருக்கு முழிப்பு வந்துச்சு. மறுவருசம் வரன்முறை விதி வந்துச்சு, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி வித்த மனை இருக்கிற லேஅவுட்டுங்களுக்கு. அதுக்குக் கட்டின பணத்த, முன்னாடியே ஒரு வக்கீலுக்குக் குடுத்திருந்தா அவரு பொண்ணு கல்யாணமாவது முடிஞ்சிருக்கும்.

சரி, போனது போச்சு. புரோக்கர் காட்டின படத்துல பார்க்குன்னு பச்சையா ஒரு எடம், ஊஞ்சல்ல ஒரு கொழந்த, பக்கத்துல தாத்தா ஒருத்தர் இருந்தாரே, அந்த எடம் இப்ப யாரு பேருல இருக்குது? லேஅவுட்டு 10,000 சதுர மீட்டருக்கு மேலன்னா பத்துல ஒரு பங்கு திறந்தவெளியா விட்டு, அத உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுத்தாகணும். 2019-ம் வருசத்துக் கட்டட விதியிலயும் அது இருக்குது. தானம் எழுதாம விட்டா, பத்து வருசம் கழிச்சு அந்த பார்க்குக்கு மனை நம்பர் மொளைக்கும். அதத் தடுக்க உங்களுக்கு ஒரு சுளுவான வழி சொல்றேன்: ராத்திரியோட ராத்திரியா அங்க ஒரு புள்ளையார வெச்சிடுங்க. எடம் பில்டருக்கும் போவாது, உங்க புள்ளைங்களுக்கும் கெடைக்காது, புள்ளையாருக்கு மட்டும் மின்சார பில்லு வரும். இந்த யோசனை புடிக்கலன்னா, பத்து ரூபா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு எழுதிப் போட்டு, தானப் பத்திரத்தோட நகலக் கேளுங்க. முப்பது நாள்ல பதில் சொல்லணும்னு சட்டம். வில்லங்கச் சான்றையும் ஒரு தரம் போட்டுப் பாருங்க.

தண்ணி சமாச்சாரத்துல நான் கிண்டல் பண்ண மாட்டேன். கொஞ்சமா பண்ணுவேன். ஏரிய மூடிட்டு ‘லேக் வியூ’ன்னு பேரு வெக்கிற துணிச்சல் எங்க பாட்டன் முப்பாட்டனுக்கு வந்ததில்ல. 2015 டிசம்பர்ல முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகினப்போ ஊரே செம்பரம்பாக்கத்தத் திட்டுச்சு. செம்பரம்பாக்கத்துத் தண்ணி அடையாத்துல சேர்றதே கீழாண்ட திருநீர்மலைப் பக்கம். முடிச்சூருக்கு வந்தது மேலாண்ட ஆதனூர், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிங்களோட உபரித் தண்ணி. ஏரி நெறஞ்சா கலங்கல்ல வழியும், போக்குக் கால்வாயில அடுத்த ஏரிக்குப் போவும். கால்வாய் மேல உங்க கிளப் ஹவுஸ் இருந்தா, தண்ணி கிளப் ஹவுஸ் வழியா போவும். அத மெம்பர்ஷிப் கார்டு கேட்டு நிறுத்த முடியாது. அடிபட்ட அந்தப் பக்கத்து நலச்சங்கங்க சும்மா இருக்கல. அதிகாரிங்கள விடாம தொரத்தினாங்க. அடையாத்த அகலப்படுத்தினாங்க, மூடுகால்வாயும் வெட்டினாங்க. முழுகினப்புறம் வந்த புத்தி. நீங்க முழுகறதுக்கு முன்னாடியே தாலுக்கா ஆபீசுக்குப் போயி அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கி, உங்க மதிலு எந்த ஓடைப் புறம்போக்கு மேல ஒக்காந்திருக்குதுன்னு பாருங்க. பாத்தா மனசு சங்கடமாவும். அதுக்குத்தான் பாக்கச் சொல்றேன்.

இன்னொண்ணு. ‘பேச்சிலருக்கு வீடு கெடையாது’ன்னு கேட்டுல எழுதி மாட்டியிருக்கீங்க. கம்பெனி வேணும், அதனால ஏறுற மனை வெல வேணும், அந்தக் கம்பெனியில ராத்திரி ஷிஃப்டு பாக்குற புள்ளைங்க மட்டும் வேணாம். அதுங்க வேற எங்க தங்கும்? 2021 டிசம்பர்ல ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காம ஆஸ்பத்திரிக்குப் போன பொண்ணுங்களுக்காக, கூட வேலை பாக்குற பொண்ணுங்க நெடுஞ்சாலையில வந்து ஒக்காந்தப்போ, ‘டிராஃபிக் ஜாம்’னு குரூப்புல போட்டவங்க உங்கள்லயும் இருப்பீங்க. அப்புறம் அரசாங்கமே வல்லம் வடகால்ல 18,720 பொண்ணுங்க தங்குற மாதிரி கட்டடம் எழுப்பி 2024 ஆகஸ்ட்ல தொறந்துச்சு. வாடகைக் குடியிருப்பு எங்க வரணும், எத்தினி பேரு தங்கலாம், கழிவுத்தண்ணி எங்க போவணும்ங்கிறது ஊரமைப்புக் கேள்விதான். போர்டு மாட்டி முடிக்கிற காரியமில்ல.

இப்ப தலைப்புக் கேள்விக்கு வர்றேன். உங்கள்ல எத்தினி பேருக்கு இங்க ஓட்டு இருக்குது? ஒருத்தருக்குத் திருநெல்வேலியில, ஒருத்தருக்குச் சேலத்துல, ஒருத்தருக்கு மேற்கு மாம்பலத்துல. 1994-ம் வருசத்து ஊராட்சிச் சட்டப்படி, அந்த ஊரு வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கிறவங்கதான் கிராம சபை. அதாவது ஒரு கோடி ரூபாய்க்கு வில்லா கட்டின நீங்க அங்க விருந்தாளி, ஆடு மேய்க்கிற எங்க ஊரு கெழவி உறுப்பினர். வருசத்துல ஆறு நாள் கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாதிக்கு மேல கவர்மெண்ட்டு லீவு. அன்னிக்கு நீங்க ஏலகிரி போயிடறீங்க. அதனால நாங்க நிம்மதியா கூடி, வரவுசெலவக் கேட்டு, கையெழுத்தப் போட்டுட்டு வந்துடறோம்.

தீர்மானம் போட்டா எல்லாம் நின்னுடுமான்னா, நிக்காது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிரா ஏகனாபுரத்துக்காரங்க 2022-லேருந்து சபைக்குச் சபை தீர்மானம் போட்டவங்க. அவங்களுக்குத் தெரியாதா? இருந்தாலும் அந்த ஊரக் கேக்காம யாரும் அந்தத் திட்டத்தப் பத்திப் பேச முடியாத நெலைய உண்டாக்கினாங்க. உங்க லெட்டர்பேட்டுக்கு அந்த எடை வர நாளாவும். கம்பெனி வர்றதுக்கு முன்னாடி பொதுமக்கள் கருத்துக் கேப்பாங்கன்னு நம்பிக்கினு இருக்காதீங்க. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கின தொழிற்பூங்காவுக்குள்ள வர்ற ஆலைக்கு 2006-ம் வருசத்து அறிவிக்கைப்படி அந்தக் கூட்டமே வேணாம். பூங்கா வர்றப்போ கேட்டா உண்டு, இல்லன்னா அவ்வளவுதான். நகராட்சிப் பக்கம் வீடு வாங்கினவங்களுக்கு கிராம சபை கெடையாது, வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. உங்க வார்டுல அது கூடுதான்னு கவுன்சிலரக் கேளுங்க. அவரு முழிக்கிற முழியப் பாக்கவாவது கேளுங்க.

அதனால மொத வேலையா, சங்கத்துல ஒரு சாயங்காலம் டீயும் மசால்வடையும் போட்டு எல்லாரையும் படிவம் 8 நெரப்ப வையுங்க. பழைய ஊரு ஓட்ட இங்க மாத்துற படிவம் அதுதான். அடுத்த கிராம சபைக்குக் கூட்டமா வாங்க, ஆனா பாடம் நடத்த வராதீங்க. எங்க ஏரி மதகப் பத்தி நாங்க பேசுறப்போ ஒக்காந்து கேளுங்க, உங்க குடோன் சங்கதியப் பேசுறப்போ நாங்க கை தூக்குறோம். தீர்மானம் முழுசா எழுதி வாசிச்சப்புறம் கையெழுத்துப் போடுங்க. வெறும் பக்கத்துல போடச் சொன்னா போடாதீங்க, நானே சொன்னாலும் போடாதீங்க. பேனா நீங்களே கொண்டாங்க.