ஒரு கட்டை எங்கே இருக்கிறது?

1994-இல் நான் எடுபிடியாக இருந்த கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் ஓர் அகாய் எஸ்-1000 சாம்பிளர் இருந்தது. நினைவகம் 2 எம்பி. மோனோவில் பதிந்தால் சுமார் 23 வினாடி. அந்தச் சொத்துக்கு ஏ.சி. அறை உண்டு, எனக்குக் கிடையாது.

வீணை பதிய ஒரு மாமி வந்தார். சுருதி சேர்த்துவிட்டு, “என்ன ராகம் வாசிக்கட்டும்?” என்றார்.

“ராகம் வேண்டாம் மாமி. அஞ்சு மீட்டு போதும். கமகம் இல்லாம.”

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் அப்பளத்தோடு எழுந்துகொள்ளச் சொன்ன மாதிரி பார்த்தார். “வெறும் கம்பிதான் வேணும்னா வாசல்ல கரண்டு கம்பத்துலயே இருக்கேப்பா.”

மீட்டு ஒன்றுக்கு நாலு வினாடிக்கு மேல் இடம் கிடையாது. இரண்டு ஸ்தாயிக்கு 24 கட்டை. ஐந்து மீட்டுக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு ஐந்து கட்டை, கடைசி ஆளுக்கு மட்டும் நாலு. எது மூலக் கட்டை, எதிலிருந்து எதுவரை என்று சக்கரத்தைத் திருகித் திருகி அந்தச் சின்னத் திரையில் எண்களை ஏற்றினேன். மாமிக்குத் தெரியாமல் ஒரு கமகத்தையும் சேர்த்திருந்தேன். மூலக் கட்டையில் நிதானமாக அசைந்தது, மேல் கட்டைகளில் குளிர் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. சுருதியை ஏற்றினால் வேகமும் ஏறும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அதை அழித்துவிட்டு மறுபடி வெறும் கம்பி. மொத்தம் ஒரு பிளாப்பியில் அடங்காமல் இரண்டாயிற்று. இரண்டு மணி நேர வேலை.

இப்போது மடிக்கணினி. வீணையின் 24 மெட்டு, நாலு அழுத்தம், ஒவ்வொன்றும் மூன்று முறை: 288 கோப்புகள். ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டேன். மென்பொருள் கோப்புகளின் பெயரைப் படித்து, ஒவ்வொன்றையும் அதனதன் கட்டையில் உட்கார வைத்துவிட்டது. டீயில் ஆடைகூடக் கட்டவில்லை.

வாசித்தால் எல்லாம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கிறது. பிசிறில்லை, அபஸ்வரமில்லை; அத்தனை குடும்பமும் சரியான கதவு எண்ணில்தான் குடியேறியிருந்தது, ஆனால் அடுத்த தெருவில். முதலில் காதைச் சந்தேகித்தேன் (வயது அப்படி). பிறகு கீபோர்டை, பிறகு ஒயரை.

கடைசியில் குற்றவாளி நான்தான். மிடி கணக்கில் நடு சி, அதாவது நம் ஒரு கட்டை, 60-ஆம் எண். யமஹா வழக்கத்தில் அதற்கு சி-3 என்று பெயர்; வேறு பலருக்கு அது சி-4. நான் பழைய பழக்கத்தில் சி-3 என்று பெயர் வைத்திருந்தேன். மென்பொருள் மற்ற கட்சி. என் சி-3-ஐ 48-இல் கொண்டுபோய் வைத்துவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து 12 கட்டை வலப்பக்கம் தள்ளினேன், ஒரு வினாடிதான். அது புரிவதற்கு ஆனது இரண்டு மணி நேரம்.

கோப்புக்குப் பெயர் வைக்கிறவர்கள் தயவுசெய்து எழுத்தோடு எண்ணையும் போட்டுவிடுங்கள். 60 என்றால் எல்லோருக்கும் ஒரே கட்டைதான்.