பலாப்பொந்தும் மூன்றாம் நிபந்தனையும்

பவணந்தி முனிவர் நன்னூலில் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டை அடுக்கியபோது, 'செயின்' என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்துவிட்டு, நிபந்தனையைப் பற்றி அதற்குமேல் விசாரப்படாமல் நிம்மதியாகப் போய்விட்டார். ஆங்கிலம் கற்பிக்கும் நவீன பண்டிதர்களுக்கோ அந்த நிம்மதி வாய்க்கவில்லை. என்றும் மாறாத இயற்கை நியதிக்குப் பூஜ்யம், நாளை நடக்கக்கூடியதற்கு ஒன்று, நடவாத கற்பனைக்கு இரண்டு, நடந்து முடிந்த காரியத்தை நடவாததுபோல் பாவித்துப் பார்க்கும் வீண் பிரயாசைக்கு மூன்று என்று இலக்கமிட்டு, இவற்றில் அடங்காமல் திமிறுவனவற்றுக்குக் 'கலப்பு' என்று நாமகரணமும் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த வரிசைக்கிரமம் லண்டனுக்குப் பொருந்தலாம். கேரளத் தென்னெல்லையிலுள்ள குன்னத்துகாலுக்குப் பொருந்தாது என்பது, மாலை வேளைகளில் இங்கே ஒரு கடையின் மாடியறையில் இதைப் போதித்து வரும் எனது தாழ்மையான அபிப்பிராயம்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நர்ஸ்கள். காரக்கோணம் மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பதாலும், இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்க விரும்பும் நர்ஸ் ஓ.இ.டி. என்னும் ஆங்கிலப் பரீட்சை எழுதினால் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 350 மதிப்பெண்ணும் எழுதுதலில் 300 மதிப்பெண்ணும் பெற்றாக வேண்டும் என்று அந்நாட்டார் விதித்திருப்பதாலும், வெள்ளறடை, பனச்சமூடு, பாறசாலை பக்கத்துப் பெண்கள் பலர், பாதி மலையாளமும் பாதி விளவங்கோட்டுத் தமிழுமாகப் பேசிக்கொண்டு என் மாடிப்படி ஏறுகிறார்கள். அவர்களோடு, இங்கிலாந்திலுள்ள மகளையும் பேரனையும் பார்க்கப் போவதற்குமுன் நாலு வார்த்தை கற்றுக்கொள்ள விரும்பிய ரப்பர் தோட்டக்காரப் பெரியவர் ஒருவரும் உண்டு.

முதல் நிபந்தனையில் இவர்களுக்குப் போதிக்க ஒன்றுமே இல்லை. கிறிஸ்தவப் பெண் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்றும், முஸ்லிம் பெண் 'இன்ஷா அல்லாஹ்' என்றும், இந்துப் பெண் 'பகவான் கிருபை இருந்தால்' என்றும் தொடங்காமல் நாளைக் காலைப் பேருந்தைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. பெரியவரோ, மாதக் கட்டணம் பற்றி நான் ஜாடையாக நினைவூட்டியபோது, "மழ பெய்யல்லேண்ணா வெட்டு உண்டு, வெட்டு நடந்தா ஷீட்டு உண்டு, ஷீட்டு வித்தா சாருக்க பீஸ்" என்று, எந்த இலக்கண நூலிலும் நான் கண்டிராத மூன்றடுக்கு நிபந்தனையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

இரண்டாம் நிபந்தனையில்தான் விபரீதம் விளைந்தது. "உங்கள் வீடு தீப்பிடித்தால் எந்தப் பொருளை முதலில் காப்பாற்றுவீர்கள்?" என்பது இந்தப் பாடத்துக்குப் புத்தகங்கள் கேட்கும் சம்பிரதாயமான கேள்வி. அதை நான் கேட்ட மாத்திரத்தில், வெள்ளறடைப் பெண் ஒருத்தி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "எனக்க வீடு எதுக்கு சாரே தீப்பிடிக்கணும்? சாருக்க வீடு பிடிக்கட்டுமே" என்றாள். இலக்கணத்தின் பொருட்டு என் வீட்டைத் தத்தம் செய்ய நான் சம்மதித்தேன். அவளோ உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆகாயத்தில் தேவதைகள் சதா 'ததாஸ்து', அதாவது 'அப்படியே ஆகட்டும்' என்று, சொல்லிக்கொண்டு சஞ்சரிக்கிறார்கள் என்று பாட்டிமார் போதித்த பயம், ஜாதிமத பேதமில்லாமல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பொது. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத, ரப்பர் ஷீட்டு உலர்த்தும் ஒரு புகைப்புரையைக் கொளுத்துவது என்று சமரசம் ஏற்பட்டபோது, பெரியவர் எழுந்து, "ஷீட்டு வில கொஞ்சம் ஏறி வாற நேரமாக்கும் சாரே" என்று ஆட்சேபித்தார்.

சரி, அமங்கலம் வேண்டாம், லாட்டரிச் சீட்டு விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று சுபகரமாகத் திருப்பினேன். லாட்டரி விழுவது நடவாத காரியம், ஆகவே இங்கே 'வில்' கூடாது, 'வுட்' என்றே சொல்ல வேண்டும் என்பது ஆங்கிலேயர் வகுத்த விதி. ஆனால், 1967ல் லாட்டரித் துறை கண்ட கேரள சர்க்காரின் பிரஜைகளிடமும், 2003ல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தபின் களியக்காவிளை தாண்டி வந்து சீட்டு வாங்கும் அயல்மாநில உறவினர்களிடமும் அந்த விதி செல்லுமா? "சீட்டு இன்னா பையில இருக்கு, குலுக்கல் மூணு மணிக்கு, பின்ன எதுக்கு சாரே 'வுட்'டு?" என்று கேட்ட பெரியவருக்கு என்னிடம் பதில் இல்லை. கெட்டதைக் கற்பனையாகக்கூடச் சொல்லமாட்டார்கள், நல்லதைக் கற்பனை என்றே ஒப்பமாட்டார்கள் என்றால், இரண்டாம் நிபந்தனை எங்கே தங்குவது?

இப்படிச் சோர்ந்திருந்த நிலையில், கடினத்துக்குப் பேர்போன மூன்றாம் நிபந்தனையை அச்சத்தோடு தொடங்கினேன். 'ஹேட் நாட் ஹேட்' என்ற பிரயோகத்தைக் கேட்டு எனக்கு நாக்குத் தட்டுவதாகச் சிலர் பரிதாபப்பட்டதைத் தவிர, வேறு தடங்கலே இல்லை. ஏனென்றால், தமிழில் 'போயிருப்பேன்' என்றும் மலையாளத்தில் 'போயேனெ' என்றும், இரண்டு பாஷையிலும் நித்தியம் பெருமூச்சு விட்டுப் பழகிய ஜனங்கள் இவர்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸார் நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்ப் பகுதிகளையும் கேட்டிருந்தும், மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956 நவம்பர் 1ஆம் தேதி, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போக, நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றுவிட்டோம். எல்லைக்கோடு இரண்டு மைல் வடக்கே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரேஷன் அரிசி முதல் மருமகள் வரை சகலத்தையும் வைத்து இங்கே தேநீர்க்கடைகளில் அலசுகிறார்கள். நடந்து முடிந்ததன்மேல் எந்தத் தேவதையின் 'ததாஸ்து'வும் பலிக்காது என்ற தைரியமே அதற்குக் காரணம்; வருங்காலத்தைத் தொட நடுங்குகிறவர்கள், இறந்தகாலத்தை மாத்திரம் சர்வ சுதந்திரமாகக் கலைத்துக் கட்டுகிறார்கள்.

ஆகவே, பாடத்தை மூன்றிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வருவதே இவ்வூருக்கு உகந்த முறை என்று நான் தீர்மானித்ததில் வியப்பில்லை. புது வகுப்புக்கு அவ்வாறே தொடங்கி, நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்திலுள்ள அம்மச்சிப் பிலாவை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். பகைவரான எட்டு வீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி ஓடிய இளவரசர் மார்த்தாண்ட வர்மா, அந்தப் பலாமரத்துப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது ஐதீகம். அவர்தான் பிற்பாடு திருவிதாங்கூரை விஸ்தரித்து, 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தார். "பொந்து இல்லாதிருந்தால்?" என்று கேட்டேன். ராஜா பிழைத்திருக்கமாட்டார் என்றாள் ஒருத்தி. திருவிதாங்கூர் வளர்ந்திருக்காது, 1956ல் பிரிப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது, களியக்காவிளையில் செக்போஸ்ட்டும் வந்திருக்காது என்று மற்றவர்கள் போட்டி போட்டுக்கொண்டு தொடுத்தார்கள். இரண்டாம் முறையாகப் பாடம் கேட்க வந்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "இஃப் தி ட்ரீ ஹேட் நாட் ஹேட் எ ஹோல், சாரே, வீ வுட் பி லேர்னிங் டச் நவ்" என்றார்.

இறந்தகால நிபந்தனைக்கு நிகழ்காலப் பலன் சொல்லும் அந்தக் கலப்பு நிபந்தனையை நான் அடுத்த வாரம்தான் கற்பிப்பதாக இருந்தேன்.